முப்பது நாள் விருந்தாளி

கடைசி நாளுக்கு முந்தின நாள்வரை யசோதரா தன் வீட்டுப் படிவங்களைத் தொடவே இல்லை. வீட்டு ஆட்கள் எங்கே ஓடிவிடப் போகிறார்கள் என்ற அலட்சியம்தான்.

எர்ணாவூர் சுனாமிக் குடியிருப்பில் அவள் அங்கன்வாடிப் பணியாளர். பதினாறு வருடமாகக் காலையில் சத்துமாவு, மதியம் முட்டை, நடுநடுவே அழுகிற பிள்ளைக்கு மூக்குத் துடைப்பது. அந்த வருடம் வாக்காளர் பட்டியல் திருத்தம் வந்தது. ஆயிரத்துச் சொச்சம் படிவங்களைப் பையில் கட்டிக் கொடுத்தார்கள். வீடு வீடாகப் போய்க் கொடு, நிரப்பி வாங்கு, ஒவ்வொன்றிலும் ‘சரிபார்த்தேன்’ என்று கையெழுத்துப் போடு என்றார்கள். போட்டாள். நான்கு மாடி, லிஃப்ட் கிடையாது. முழங்கால் வீங்கிப் பூசணிக்காய் ஆனது.

இருபது வருடத்துக்கு முந்தைய பழைய பட்டியலில் உன் பேர் இருக்கிறதா? அந்த எண்ணை எழுது. இல்லையா, அப்பா அம்மா பேர் இருக்கிறதா? அவர்கள் எண்ணை எழுது. இரண்டும் இல்லாவிட்டால் நோட்டீஸ் வரும், தாளோடு வந்து நில். வேலை இவ்வளவுதான். ஆனால் கேட்ட இடமெல்லாம் வாய்ச்சண்டை.

“எங்கம்மா ஓட்டுப் போடச்சொல்ல நான் கூட நின்னு நம்பர எய்தி வெச்சிக்கினேனா?” என்றாள் மூன்றாவது மாடி இட்லிக்கார ரஹீமுன்னிசா. “கடல் தண்ணி வந்து எங்கள இங்க தூக்கிப் போட்டுச்சு. பேப்பரு கீப்பரு எல்லாம் அதாண்டதான் கீது. போய்க் கேளு.”

யசோதராவும் வாயில் சளைத்தவள் இல்லை. “தண்ணியாண்ட நான் கேட்டுக்கறேன். நீ பொய் எய்தினா ஒரு வருசம் உள்ள போவ. அத நல்லாக் கேட்டுக்க.”

படிவத்தின் அடியில் அப்படி ஒரு வரி இருந்தது. தவறான தகவல் தந்தால் ஓராண்டுவரை சிறை. யாரும் அதைப் படிப்பதில்லை என்பதால் அவளே ஒவ்வொரு வாசலிலும் உரக்கப் படித்தாள். பாதிப் பேர் அதற்கே அடங்கினார்கள். வீட்டுக்கு வீடு படித்துப் படித்து, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்வாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு, பாயைப் போட்டு, பசை பாட்டிலும் போட்டோக்களும் பரப்பி உட்கார்ந்தாள். புருஷன் நீலமேகத்துக்கு வள்ளூர் அனல்மின் நிலையத்தில் நிலக்கரி இறக்கும் ஒப்பந்த வேலை. ஞாயிறும் இல்லை, திங்களும் இல்லை. மகள் அம்மு நர்சிங் மூன்றாம் வருடம், மருத்துவமனையில் பயிற்சிக்குப் போயிருந்தாள். வீட்டில் இருந்தது அவளும் அவள் அப்பா செங்குட்டுவனும். அவருக்கு எழுபத்தெட்டு வயது. துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்வு பெற்றவர். அம்மா கோட்டீஸ்வரி போய்ச் சேர்ந்து ஆறு வருடம்.

பழைய பட்டியலில் யசோதரா பேர் இல்லை. அப்போது புதுசாகக் கல்யாணம் ஆகியிருந்தது. பிறந்த வீட்டிலும் எடுத்துவிட்டார்கள், புகுந்த வீட்டிலும் சேர்க்கவில்லை. அப்பா பேர் இருந்தது. அது போதும்.

“நைனா, உன் பழைய நம்பரு கெடச்சிருச்சு. தகப்பனாருன்னு உன்னப் போட்டு எய்தறேன். முடிஞ்சுது ஜோலி.”

அவர் ஜன்னலோர நாற்காலியில் பல் குத்திக்கொண்டிருந்தார். “எய்து.”

வாய் சும்மா இருக்கவில்லை. எல்லா வாசலிலும் படித்ததை இங்கேயும் படித்தாள், அதே குரலில், அதே மிரட்டலோடு.

பல் குத்துவது நின்றது. “இன்னொரு தபா படி.”

படித்தாள்.

“ஒரு வருசம் யாருக்கு? சொன்னவனுக்கா, எய்தினவனுக்கா?”

“கையெய்த்துப் போட்டவங்களுக்கு.”

“இதுல யாரு போடறது?”

“நான்தான். ஃபாரமும் என்னுது, சரிபாத்தேன்னு போடற கையும் என்னுது. அப்ப ரெண்டு வருசம்னு வெச்சுக்க.” சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. குச்சியை ஜன்னல் வழியே எறிந்தார்.

“அப்பான்னு போடாத.”

“இன்னா?”

“என் பேர அப்பான்னு போடாத. மாமன்னு போட எடம் கீதா பாரு.”

வயதாகிவிட்டது, மதியச் சோறு மண்டைக்கு ஏறிவிட்டது என்று நினைத்தாள். “நைனா, இன்னிக்கு நாளைக்குள்ள முடிச்சாவணும். ஜோக்கு காட்டாத.”

செங்குட்டுவன் எழுந்து போய் பீரோவின் அடித்தட்டிலிருந்து பென்ஷன் தாள் வைத்திருக்கும் ரெக்சின் பையை எடுத்து வந்தார். அவளுக்குத் தெரியாத பை இல்லை. வருடா வருடம் உயிர்ச்சான்று கொடுக்க அவள்தான் அதைத் துழாவுகிறாள். அவர் பையின் உட்புறத் துணியை நகத்தால் பிரித்தார். தையல் பழசு, உடனே விட்டது. உள்ளே கையை விட்டு ஒரு சிவப்புப் புத்தகத்தை எடுத்து அவள் மடியில் போட்டார். போட்டதும் நாற்காலிக்குப் போகவில்லை. சுவரோரம் தரையில் குந்தினார்.

பாஸ்போர்ட். அட்டையில் இரண்டு புலி. இந்தியாவுடையது இல்லை. திறந்தாள். ஒரு பெண்ணின் படம். பெண்ணுக்கு அம்முவின் மூக்கு. அச்சு அசல், அந்த இடது பக்கச் சரிவு முதற்கொண்டு. கீழே இன்னொரு சின்னப் படத்தில் மொட்டைத்தலைக் குழந்தை. ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படித்தாள். கன்னியம்மா. குழந்தை: சுசீலா, பெண், பிறந்தது 1981.

“யாரு இவங்க?”

“கன்னியம்மா என் அக்கா.”

“உனக்கு ஏது அக்கா?”

“இருந்தா. மலேசியாவுல குடுத்துச்சு எங்கம்மா. அங்க ரப்பர் தோட்டத்து லயத்துல, வரிசை வூட்டுல, முனியாண்டின்னு ஒருத்தன். புள்ளைக்குக் காது குத்தணும்னு கப்பல் ஏறி வந்தா. தாய்மாமன் மடியில ஒக்கார வெச்சுதான குத்தணும்? மாமன் நான் இங்க கீறேன். அவன் வரல. லீவு குடுக்கல.”

“புள்ள யாரு?”

அவர் அவள் காதைப் பார்த்தார். யசோதராவின் கை தானாகக் காதுக்குப் போயிற்று. கம்மல் இருந்தது. கொஞ்ச நேரம் அந்தக் கம்மலின் திருகாணியைத் திருகிக்கொண்டே இருந்தாள். அவர் சொன்னதெல்லாம் காதில் விழுந்தது. மண்டைக்குள் ஒன்றும் போகவில்லை.

“யசோதரான்னு பேரு நீ வெச்சதுன்னு சொன்ன.”

“நான்தான் வெச்சேன். ஸ்கூல்ல சேக்கச்சொல்ல வெச்சேன். அதுக்கு மின்னாடி சுசீலா.”

சட்டைப் பையில் இருப்பதை எடுத்து வைப்பது மாதிரி மீதியையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். எண்பத்து நாலாம் வருடம் மாசி மாதம் கப்பல் வந்தது. அவரே அந்தத் துறையில்தான் வேலை செய்துகொண்டிருந்தார்; அக்கா இறங்குவதைக் கீழே நின்று பார்த்தார். எத்தனை நாள் என்று அதிகாரி கேட்டதற்கு, முப்பது என்றாள் அக்கா. முத்திரை குத்தினான். ஒன்பதாம் நாள் காது குத்தினார்கள். அப்புறம் அவளுக்குக் கண் மஞ்சளாயிற்று. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது வயிறு உப்பிவிட்டது. இருபத்திரண்டாம் நாள் செத்துப்போனாள்.

“உங்கம்மா கோட்டீஸ்வரிக்குக் கல்யாணமாயி எட்டு வருசம், வயித்துல ஒண்ணும் தங்கல. நீ அவ இடுப்ப வுட்டு எறங்கல. அவ வுடமாட்டேன்னா. கப்பல் டிக்கெட்டக் கையில வெச்சிக்கினு நான் நிக்கறேன், அவ கதவச் சாத்திக்கினா.”

“அந்த ஆளு? முனியாண்டி?”

செங்குட்டுவன் தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

“நைனா, புள்ளைய அனுப்புன்னு அந்த ஆளு கேக்கலியா?”

“கேக்கறதுக்கு மின்னாடியே தந்தி அடிச்சிட்டேன். தாயும் புள்ளையும் காமாலையில போயிட்டாங்கன்னு.”

கீழே கண்டெய்னர் லாரி ஒன்று ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு போயிற்று.

“போலீசு வரலியா?”

“வந்துது. நாப்பதாம் நாளோ இன்னாவோ. முப்பது நாள்னு எய்திக் குடுத்துட்டு ரெண்டு பேரும் போவலியே, எங்கன்னு கேட்டான். அக்காவப் பொதச்ச சீட்டக் காட்டினேன். புள்ளைக்குச் சீட்டு எங்கடான்னான். மூணு வயசுப் புள்ளைக்கு யாரு சார் சீட்டு போடறாங்க, ஆத்தோரமா பொதச்சிட்டோம்னேன். அப்ப அப்பிடித்தான, சின்னப் புள்ளைங்கள யாரு எய்தினாங்க? எய்திக்கினு பூட்டான்.”

“நான் எங்க இருந்தேன்?”

“அங்கதான். உங்கம்மா மடியில ஒக்காந்து முறுக்கு துன்னுகினு இருந்த. இது யாருன்னான். என் பொண்ணுன்னேன்.”

யசோதரா சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

“அந்தாளு அப்பிடியே வுட்டுட்டானா?”

“லெட்டரு போட்டான். ரெண்டு வருசம் போட்டான். பொதச்ச எடத்தச் சொல்லு, வந்து பாத்துட்டுப் போறேன்னு.”

“நீ இன்னா எய்தின?”

“ஒண்ணும் எய்தல. வியாசர்பாடி வூட்டக் காலி பண்ணிட்டேன்.”

அவள் எழுந்து சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள். டம்ளரைக் கழுவினாள். கழுவின டம்ளரை மறுபடி கழுவினாள். கோட்டீஸ்வரிக்குக் கடைசி ஒரு வருடம் மூத்திரம் அள்ளியது, தோல் பிய்ந்த முதுகுக்குப் பவுடர் போட்டது எல்லாம் இந்தக் கைதான். சாகும்போதுகூட அந்த அம்மாள் வாயைத் திறக்கவில்லை. ஐஸ் வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

திரும்பி வந்து பாயில் உட்கார்ந்தபோது அம்முவின் படிவம் மேலே கிடந்தது. அப்போதுதான் இரண்டாவது அடி விழுந்தது. முதல் அடியைவிட அதுதான் பலமாக விழுந்தது.

குடியுரிமைச் சட்டம் முழுதும் அவளுக்குத் தெரியாது. பயிற்சியில் ஒப்பிக்கச் சொன்ன மூன்று வரி தெரியும். எண்பத்தேழுக்கு முன் பிறந்தவருக்கு அவர் தாள் போதும். அதற்குப் பிறகு பிறந்தவருக்கு அவர் தாளும் பெற்றவர்களில் ஒருவர் தாளும். இரண்டாயிரத்து நாலு டிசம்பருக்குப் பிறகு பிறந்தவருக்குத் தாய், தகப்பன் இரண்டு பேர் தாளும்; அதில் ஒருவர் கள்ளத்தனமாக நுழைந்தவர் என்றால் பிள்ளைக்கும் உரிமை இல்லை. அம்மு பிறந்தது இரண்டாயிரத்து ஐந்து மே மாதம். ஐந்து மாதத்தில் மாட்டிக்கொண்டாள்.

பயிற்சியில் ஓர் ஆசிரியை எழுந்து கேள்வி கேட்டதும் ஞாபகம் வந்தது: சரியான தாளோடு வந்து, நாள் முடிந்தும் போகாமல் இருந்துவிட்டால்? அதுவும் கள்ளத்தனமாக நுழைந்த கணக்குதான் அம்மா என்று மேடையில் இருந்தவர் சொன்னார். யசோதரா அப்போது வடை தின்றுகொண்டிருந்தாள்.

அம்முவுக்கு ஜெர்மனியில் நர்ஸ் வேலை என்று கல்லூரியில் ஆள் எடுக்கிறார்கள். மொழி வகுப்புக்குப் போகிறாள். அடுத்த மாதம் பாஸ்போர்ட்டுக்கு மனு போட வேண்டும். போலீஸ் விசாரணைக்கு வீட்டுக்கு வருவார்கள். பொய் என்று தெரியாமல் எழுதின பொய் வேறு. இனி யசோதரா எழுதப்போகிறது தெரிந்தே எழுதுகிற பொய், அவளே சரிபார்த்த பொய். என்றைக்காவது எவனாவது தோண்டினால் அது அவளோடு நிற்காது, பெண்ணைப் பிடித்து இழுக்கும்.

“நாப்பத்தோரு வருசம் வாய மூடிக்கினு இருந்தியே. இன்னிக்கு எதுக்குத் தெறந்த?”

“நீ படிச்சியே.” அவர் படிவத்தைக் காட்டினார். “ஒரு வருசம் ஜெயிலுன்னு. நான் பண்ணதுக்கு நீ உள்ள போவியா?”

“அது மெரட்டறதுக்குப் படிக்கறது நைனா! ஊரு முச்சூடும் படிக்கறேன், ஒருத்தன்கூட நம்பல!”

“எனக்கு இன்னா தெரியும். நீ கவருமெண்டு ஆளு.”

அவரை அடிக்கலாம் போல இருந்தது. அடித்தால் விழுந்துவிடுவார். விழுந்தால் அவள்தான் தூக்க வேண்டும்.

ஐந்து மணிக்கு அம்மு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே பேச்சு. “இன்னாம்மா, இன்னும் ஒட்டிக்கினே கீற? தாத்தா, இன்னா தரையில குந்திக்கினு? பைல்ஸ் வந்துரப் போவுது.”

பாஸ்போர்ட் யசோதராவின் தொடைக்கு அடியில் இருந்தது. அவள் நகரவில்லை.

“என்னுத குடு, நானே எய்தறேன். தாத்தா நம்பரு சொல்லு.”

“தாத்தா வேணாம். உங்கப்பன் பக்கம் போடு. உங்கப்பனுக்குப் பழைய லிஸ்ட்ல நம்பரு கீது.”

“அதுக்கு அவங்க ஏரியா பழைய லிஸ்ட்ட எறக்கித் தேடணும். ஐந்நூறு பக்கம். தாத்தா நம்பரு கைலயே கீது, நீயும் அதத்தான போடற?”

“தேடுன்னேன்ல!”

அம்மு திரும்பிப் பார்த்தாள். இந்த வீட்டில் யசோதரா கத்துவது புதிதல்ல. ஆனால் இந்தக் கத்தல் வேறு மாதிரி இருந்தது. “இன்னா ஆச்சு உங்க ரெண்டு பேருக்கும்? சண்டையா?”

“கெயவன் பென்ஷன் சீட்டத் தொலச்சிட்டான்” என்றாள் யசோதரா. செங்குட்டுவன் தலையை ஆட்டினார். நாற்பத்தோரு வருடப் பொய்க்காரர் அந்தச் சின்னப் பொய்க்குத் தலையாட்டச் சிரமப்பட்டார்.

அம்மு உள்ளே போய்ச் சுவரில் சாய்ந்து போனில் தேட ஆரம்பித்தாள். முக்கால் மணி நேரத்தில் நீலமேகத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். எண்ணை எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினாள். தாயார் பேர் என்ற இடத்தில் யசோதரா என்று இருந்தது. தாயாரின் எண் என்ற இடம் காலி. அந்தக் காலி இடத்தை யாரும் பார்க்காமல் இருக்க வேண்டும். பார்க்கிற வேலை இப்போதைக்கு அவளுடையது. பார்க்கவில்லை. சரிபார்த்தேன் என்று போட்டாள். நீலமேகத்துக்குப் போட்டாள். செங்குட்டுவனுக்கும் போட்டாள், அவர் எழுதினதில் பொய் ஒன்றும் இல்லை.

மிச்சம் அவளுடையது. கட்டத்துக்குள் தகப்பனார் என்று அச்சடித்திருந்தது. மாமனுக்கு இடம் இல்லை. பேனாவை மூடிவிட்டுப் போனை எடுத்தாள்.

படிவம் திரும்பி வராத ஆட்களுக்குச் செயலியில் தனிப் பட்டியல் உண்டு. இந்த ஒரு மாதத்தில் நூற்றுச் சொச்சம் பேரை அவள் அதில் தள்ளியிருக்கிறாள். நாலு காரணம் வரும். இறந்தவர். நிரந்தரமாக இடம் பெயர்ந்தவர். காணப்படாதவர். இரட்டைப் பதிவு. தன் பேரைத் தேடி எடுத்தாள். வாக்காளர் அட்டைப் படத்தில் அவள் முறைத்துக்கொண்டிருந்தாள். முதல் காரணத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதை அவளுக்கு ஏற்கெனவே ஒருவர் செய்துவிட்டார். இரண்டாவதை அழுத்தினாள். உறுதிதானா என்று கேட்டது. விரல் வேறெங்கோ பட்டது. இன்னொரு தரம் அழுத்தினாள்.

பத்து நிமிஷத்தில் மேற்பார்வையாளர் தங்கப்பாண்டி கூப்பிட்டார். விருதுநகர்ப் பக்கத்து ஆள். கோபம் வந்தால்தான் மரியாதையாகப் பேசுவார்.

“யசோதராம்மா, உங்க பேரையே இடம் பெயர்ந்துட்டாங்கன்னு அமுக்கி வச்சிருக்கீக. கண்ணு கட்டிருச்சா?”

“இல்ல சார். கரீட்டாதான் அமுத்தினேன்.”

“எங்கன பெயர்ந்தீக? வீட்டுலதான இருக்கீக, குக்கர் விசில் எனக்குக் கேக்குது.”

“அப்பிடியே வுட்டுடுங்க சார். எனக்கு நம்பரு கெடைக்கல.”

“எல்லாருக்கும் தேடிக் குடுத்துட்டு ஒனக்குக் கெடைக்கலையாக்கும்.” பெருமூச்சு விட்டார். கோபம் இறங்கிவிட்டது. “செரி, ஒருக்கா அமுக்கிட்டா பூட்டிக்கிரும், திறக்க முடியாது. ஒண்ணும் மோசமில்ல. அடுத்த மாசம் புது வாக்காளர்னு ஒரு ஃபாரம் போட்டுரு. பொறந்த தேதி, பொறந்த ஊரு, ரெண்டே ரெண்டு கேப்பான். எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டே இரு.”

“சரிங்க சார்.”

போனை வைத்துவிட்டுத் தொடைக்கு அடியிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். அம்மு குளிக்கப் போயிருந்தாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பக்கத்தைத் திருப்பினாள். குழந்தையின் பேருக்கு எதிரே பிறந்த ஊர் இருந்தது. இரண்டு சொல். எழுத்துக் கூட்டினாள். டி, இ, எல். நாக்கு புரளவில்லை. மறுபடி கூட்டினாள். பள்ளிக்கூடச் சான்றிதழ், ரேஷன் அட்டை, கல்யாணப் பத்திரிகை, பணி ஆணை, எல்லாவற்றிலும் சென்னை என்றே எழுதி வந்த கைக்குக் கீழே, வாயில் நுழையாத ஓர் ஊர் கிடந்தது.

“இது இன்னா ஊரு?” என்றாள் சத்தம் இல்லாமல், புத்தகத்தைக் கிழவர் பக்கம் திருப்பி.

செங்குட்டுவன் புத்தகத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடியும் போடவில்லை. காலையில் என்ன மாத்திரை போட்டோம் என்பதை மறக்கிறவர், தட்டுத் தடுமாறாமல், தந்தி ஆபீஸ் ஜன்னலில் நின்று சொல்கிற மாதிரி சொன்னார்.

“தெலுக் ஆன்சன். பேராக். ரப்பர் தோட்டம், மூணாவது லயம், ஆறாம் நம்பர் வூடு. முனியாண்டி.”